நிற்கத் தெரிந்த குண்டு

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்து தோட்டா அலமாரியைப் பார்த்தால், விலைச்சீட்டில் ஒரு விநோதம் தென்படும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அட்டைப்பெட்டிகள். இரண்டிலும் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டாதான். ஒன்றில் 50 தோட்டா, மற்றதில் 20. ஆனால் இருபது இருக்கும் பெட்டிதான் பெரும்பாலும் விலை கூடுதல். இரண்டும் ஒரே துப்பாக்கிக்குப் பொருந்தும், ஒரே குழல் வழியே பாயும், ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

பெட்டிக்கு ஒரு தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் விடை பாதி தெரிந்துவிடும். இரண்டும் கட்டைவிரலின் மேல்கணு நீளம்தான் இருக்கும். மலிவானதன் முனை வழவழவென்று உருண்டிருக்கும், செப்பு நிறத்தில். விலை கூடியதன் முனையில் ஒரு குழி. குழியின் விளிம்பைச் சுற்றிச் சீரான இடைவெளியில் மெல்லிய கீறல்கள், பூவிரியும் முன் மொட்டில் தெரியும் மடிப்புகளைப் போல. முதலாவது பயிற்சிக்கு, இரண்டாவது தற்காப்புக்கு. அந்தக் குழிக்குத்தான் காசு.

நம் ஊரில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. துப்பாக்கி உரிமம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் 9 மில்லிமீட்டர் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவு. அமெரிக்காவிலோ கோடிக்கணக்கான வீடுகளில் கைத்துப்பாக்கி சட்டப்படியே இருக்கிறது. அங்கே ‘எந்தத் தோட்டா வாங்குவது?’ என்பது அன்றாடக் கேள்வி. அந்தக் கேள்விக்குள் இயற்பியல், உலோகவியல், மருத்துவம், கொஞ்சம் வரலாறு எல்லாம் அடங்கியிருக்கின்றன.

ஒரு பவுன் எடை

பேச்சுவழக்கில் தோட்டா, குண்டு, ரவை எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் சொல்கிறோம். இங்கே சற்றுப் பிரித்துக்கொள்வோம். தோட்டா என்பது முழுப்பொருள். அதில் நான்கு பாகங்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொட்டு அளவில் பதித்த பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. விசையை இழுத்ததும் ஊசி பிரைமரைத் தட்டுகிறது. பிரைமர் பொறி விட, மருந்து எரிந்து வாயுவாகிறது. காரின் டயருக்கு 32 பிஎஸ்ஐ காற்று அடிக்கிறோம். 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்குள் எழும் அழுத்தத்துக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் உச்சவரம்பு 35,000 பிஎஸ்ஐ. டயரைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். அந்த அழுத்தம் குண்டை மட்டும் குழல் வழியே தள்ளுகிறது. காலிக்கூடு பக்கவாட்டில் துள்ளி விழுகிறது.

குண்டின் எடையை ‘கிரெய்ன்’ கணக்கில் சொல்வார்கள். நம் பொற்கொல்லர்கள் குன்றிமணி வைத்து நிறுத்ததைப் போல, ஐரோப்பாவில் தானிய மணியை வைத்துப் பிறந்த அளவு அது. ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம். 9 மில்லிமீட்டரில் வழக்கமாகக் கிடைப்பவை 115, 124, 147 கிரெய்ன் குண்டுகள். நடுவில் உள்ள 124 கிரெய்னைக் கிராமுக்கு மாற்றினால் எட்டு வருகிறது. நகைக்கடைக் கணக்கில் சரியாக ஒரு பவுன்.

ஒரு பவுன் எடையுள்ள ஈயம், வினாடிக்கு 350 மீட்டர் வேகம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, திரையில் நாம் பார்த்துப் பழகிய காட்சிக்கு வருவோம்.

பறந்து விழாத வில்லன்

சினிமாவில் கைத்துப்பாக்கியால் சுடப்பட்டவர் பின்னால் தூக்கியெறியப்பட்டுக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவார். கணக்கு அதற்கு இடம் தருவதில்லை. ஒரு பொருள் இன்னொன்றைத் தள்ளும் வலிமை அதன் உந்தத்தைப் பொறுத்தது. அதாவது நிறையும் வேகமும் பெருக்கிவரும் தொகை. எட்டு கிராம் குண்டு 350 மீட்டர் வேகத்தில் வந்தால் உந்தம் 2.8 அலகு. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்துக்கு 6.2 அலகு. குண்டைவிட இரு மடங்குக்கு மேல். அந்தப் பந்தை விக்கெட் கீப்பர் கையுறையில் வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறார். குண்டு ஆளைத் தூக்கியெறியும் என்றால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சுட்டவரும் அதேபோல் எதிர்ப்பக்கம் பறந்தாக வேண்டும்.

அப்படியானால் கைத்துப்பாக்கிக் குண்டு ஒருவரை எப்படி நிறுத்துகிறது? மூளையையோ தண்டுவடத்தின் மேற்பகுதியையோ தாக்கினால் உடனே. மற்ற இடங்களில் பட்டால், ரத்தம் வடிந்து அழுத்தம் குறைந்த பிறகுதான். எஃப்பிஐயின் பயிற்சி மையத்திலிருந்து 1989இல் வெளியான ஓர் அறிக்கை முகத்தில் அறைந்தாற்போல ஓர் உண்மையைச் சொன்னது: இதயமே சிதைந்துபோனாலும், மூளையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜன் பத்துப் பதினைந்து வினாடிகளுக்கு முழு விருப்பத்தோடு செயல்படப் போதுமானது. அந்தப் பதினைந்து வினாடியில் எதிரி திருப்பிச் சுடலாம்.

எஃப்பிஐ அதிகாரிகள் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

மயாமி, 1986

ஏப்ரல் 11, 1986. மயாமி நகரின் புறநகர்த் தெருவில், வங்கிக் கொள்ளையர் இருவரின் காரை எஃப்பிஐ முகவர்கள் மடக்கினார்கள். சில நிமிடங்களில் முடிந்த அந்தச் சண்டையில் முகவர்கள் இருவர் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். கொள்ளையர் இருவரும் கொல்லப்பட்டார்கள்.

பிறகு நடந்த ஆய்வு ஒரே ஒரு குண்டின் மேல் குவிந்தது. சண்டையின் தொடக்கத்திலேயே, 115 கிரெய்ன் எடையுள்ள 9 மில்லிமீட்டர் குழிமுனைக் குண்டு ஒன்று கொள்ளையரில் ஒருவனின் வலது மேல்கையில் புகுந்து, வெளியே வந்து, நெஞ்சுக்கூட்டுக்குள் நுழைந்து, நுரையீரலைச் சிதைத்தது. இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. உயிர்போகும் காயம்தான். ஆனாலும் அவன் அதற்குப் பிறகு தொடர்ந்து சுட்டான். முகவர்களுக்கு நேர்ந்த இழப்புகளில் பெரும்பகுதி அதன் பின்னரே நேர்ந்தது.

குண்டு செய்ய வேண்டியதைத்தான் செய்தது: விரிந்தது, நின்றது. ஆனால் சீக்கிரமே நின்றுவிட்டது. நேராக நெஞ்சில் பட்டிருந்தால் போதுமான ஆழம் போயிருக்கும். உயிருக்குப் போராடுகிற ஆள் கைகளை நீட்டிக்கொண்டு, உடம்பைத் திருப்பிக்கொண்டு, காருக்குள் குனிந்துகொண்டல்லவா இருக்கிறான்? கையைத் தாண்டியும் உள்ளே போகும் ஆழம் குண்டுக்கு வேண்டும் என்ற பாடம் அன்று எழுதப்பட்டது.

கடற்பாசிக் கட்டி

எவ்வளவு ஆழம்? அதை அளக்க எஃப்பிஐ ஒரு சோதனை முறையை வகுத்தது. அதன் நடுவில் இருந்தது ஒரு ஜெலட்டின் கட்டி. அமெரிக்க ராணுவத்தின் அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர் சான் பிரான்சிஸ்கோ ஆய்வகத்தில் தரப்படுத்திய பொருள் அது. பன்றித்தோலில் எடுத்த ஜெலட்டின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. கலந்து உறையவைத்து 4 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். நோன்பு திறக்கும்போது வெட்டிக் கொடுப்பார்களே கடற்பாசி, அதையே ஒரு சூட்கேஸ் அளவுக்குச் செய்து, லேசான தேன் நிறமும் சேர்த்ததுபோல் இருக்கும்.

கட்டி சரியாக உறைந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கே ஒரு சோதனை உண்டு. சிறுவர்களின் காற்றுத் துப்பாக்கியில் போடும் எஃகு மணியை வினாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் அதனுள் சுடுவார்கள். மணி எட்டரை சென்டிமீட்டர் ஆழத்தை ஒட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தக் கட்டி கழிக்கப்படும். பிறகுதான் நிஜக் குண்டு. வெறும் கட்டியில் ஒருமுறை, அதன்முன் கனத்த துணி, ஒட்டுப்பலகை, சுவர்ப்பலகை, தகடு, கார்க் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக வைத்து ஒருமுறை. தேர்ச்சி அடைய குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும். 18 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. சென்டிமீட்டரில் 30 முதல் 45 வரை.

கீழ்வரம்பு மயாமியின் பாடம். மேல்வரம்பு எதற்கு? பயிற்சிக்கான உருண்டை முனைக் குண்டை இதே கட்டியில் சுட்டால் 60 சென்டிமீட்டரைத் தாண்டியும் போகும். கட்டி மனிதனாக இருந்தால் மறுபக்கம் வெளியேறி, பின்னால் நிற்பவரைத் தாக்கும். பேருந்து நிறுத்தத்தில், மளிகைக் கடையில், பக்கத்து அறைக் கட்டிலில் இருப்பவரை. நியூயார்க் நகரக் காவல்துறை 1998இல் குழிமுனைக் குண்டுக்கு மாற முடிவெடுத்தபோது சொன்ன முக்கியக் காரணம் இதுவே: குற்றவாளியைத் துளைத்துக்கொண்டு போய் வழிப்போக்கர்களைத் தாக்காத குண்டு வேண்டும்.

ஆக, பயிற்சிக் குண்டுக்குப் போகத் தெரிந்தால் போதும். தற்காப்புக் குண்டுக்கு நிற்கவும் தெரிய வேண்டும்.

குழிக்குள் புகும் தண்ணீர்

நிற்க வைப்பது அந்தக் குழி. அது வேலை செய்யும் விதம் பள்ளிக்கூட இயற்பியலுக்குள் அடங்கும்.

நீரில் வேகமாகப் போகும் பொருளின் முகத்தில் எழும் அழுத்தம், நீரின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வரும் தொகையில் பாதி. உடல் திசுவின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீருடையதுதான். வினாடிக்கு 350 மீட்டர் வேகத்துக்குப் போட்டுப் பார்த்தால், காற்றுமண்டல அழுத்தத்தைப் போல 600 மடங்கு வருகிறது. உருண்டை முனையில் அந்த அழுத்தம் வழுக்கிப் பக்கவாட்டில் போய்விடும். குழி இருந்தால், உள்ளே புகுந்த திரவம் சுவர்களை உட்புறமிருந்து வெளியே தள்ளும். ஈயம் மென்மையானது, தாங்காது. மேலே போர்த்திய செப்புத்தோல் ஈயத்தைவிட உறுதியானது. அது எங்கே கிழிய வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைத்தவைதான் அந்தக் கீறல்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் இதழ்கள் பின்னோக்கி மடங்குகின்றன. 9 மில்லிமீட்டர் குண்டு பதினான்கு, பதினைந்து மில்லிமீட்டர் அகலமுள்ள காளானாகிறது. விரித்த குடையோடு எதிர்காற்றில் நடப்பவரைப் போல அதன் வேகம் சட்டென்று குறைகிறது.

இந்தக் கணக்கில் வேகத்தின் வர்க்கம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். 350 மீட்டர் வேகம் 250 ஆகக் குறைந்தால் அழுத்தம் பாதியாகிவிடும்; குழி திறக்காமலே போகலாம். சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னத் துப்பாக்கிகளுக்குக் குழல் குட்டை. வாயு தள்ளுவதற்கு நேரம் குறைவு, குண்டின் வேகமும் குறைவு. அதனால்தான் குட்டைக் குழலுக்கென்றே குறைந்த வேகத்தில் விரியும் குண்டுகளைத் தனியாகச் செய்கிறார்கள்.

இன்னொரு எதிரி துணி. தடித்த ஜீன்ஸ் துணியைத் துளைக்கும்போது நூலும் துண்டும் குழியை அடைத்துக்கொள்ளும். அடைபட்ட குழிக்குள் திரவம் புகாது. குழிமுனை உருண்டை முனையாகிவிடும். இதைப் பார்த்த பிறகு, ஜெலட்டினுக்கு முன்னால் நான்கு அடுக்கு ஜீன்ஸ் துணியைப் போர்த்திச் சுடும் சோதனையும் வழக்கத்துக்கு வந்தது. ஹார்னடி நிறுவனம் குழிக்குள் மென்மையான பாலிமர் தக்கையைச் செருகிவிட்டது. துணி உள்ளே புக இடமில்லை. அடிபடும்போது தக்கையே நசுங்கிச் சுவர்களை விரிக்கிறது. வேறு நிறுவனங்கள் ஈயத்தையும் செப்பையும் பிரியாமல் பிணைக்கும் முறைகளைக் கண்டன. இருபது தோட்டாப் பெட்டியின் விலையில் இத்தனையும் சேர்ந்திருக்கிறது.

டம்டமில் பிறந்த சிக்கல்

விரியும் குண்டு அமெரிக்கச் சரக்கு என்று நினைத்தால் தவறு. அதன் பிரபலமான பெயர் பிறந்தது நம் நாட்டில்தான். கல்கத்தாவை அடுத்த டம்டமில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆயுதசாலை இருந்தது. 1890களில் வடமேற்கு எல்லைச் சண்டைகளில், முழுக்க உலோகத்தோல் போர்த்திய புதிய .303 ரைஃபிள் குண்டு எதிரியைத் துளைத்துக்கொண்டு போகிறதே தவிர நிறுத்தவில்லை என்று சிப்பாய்கள் புகார் சொன்னார்கள். டம்டமில் இருந்த கேப்டன் பெர்டி-கிளே முனையில் மட்டும் தோலை விலக்கி ஈயத்தை வெளியே விட்டார். ‘டம்டம் குண்டு’ உலகம் முழுக்கக் கெட்ட பெயர் வாங்கியது.

ரைஃபிள் குண்டின் வேகம் கைத்துப்பாக்கியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அது விரிந்தால் ஏற்படும் காயம் கொடூரமானது. 1899 ஜூலை 29 அன்று, ஹேக் மாநாட்டில், உடலுக்குள் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்ற பிரகடனம் உருவானது. பிரிட்டன் 1907இல்தான் அதில் சேர்ந்தது. அந்தப் பிரகடனம் கட்டுப்படுத்துவது நாடுகளுக்கிடையிலான போரை. நகரத் தெருக்களில் நிலைமை தலைகீழ்: போர்க்களத்தில் மனிதாபிமானம் கருதி விலக்கிய அதே குண்டு, கூட்டத்துக்கு நடுவே வழிப்போக்கர்களின் பாதுகாப்பு கருதிக் காவல்துறையின் கைக்கு வந்தது. இந்த முரண் இன்னும் தீர்ந்தபாடில்லை. அமெரிக்காவிலேயே நியூஜெர்சி மாநிலத்தில் குழிமுனைக் குண்டை வீட்டிலும் பயிற்சித் தளத்திலும் வைத்துக்கொள்ளலாம். தெருவில் எடுத்துச்செல்வதற்குப் பொதுமக்களுக்குக் கடும் கட்டுப்பாடு.

மலிவான பெட்டியின் மகிமை

இவ்வளவு சொன்ன பிறகு, ஐம்பது தோட்டாப் பெட்டியைக் குறைவாக எண்ணிவிடக் கூடாது. நியூயார்க் காவலர்களைப் பற்றி ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறிக்கை, எதிரியும் திருப்பிச் சுட்ட சண்டைகளில் காவலர்களின் குண்டுகளில் இலக்கில் பட்டவை சுமார் 18 விழுக்காடு என்றது. பயிற்சி பெற்ற காவலருக்கே இந்தக் கதி. ஐந்தில் நான்கு குண்டு வேறெங்கோ போகிறது. படாத குண்டின் முனையில் குழி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அமெரிக்க வீடுகளின் உட்சுவர் செங்கல் கிடையாது, ஜிப்சம் பலகை. அதைத் துளைக்கும்போது குழியில் ஜிப்சம் மாவு அடைத்துக்கொள்ள, நிற்கத் தெரிந்த குண்டும் நிற்காமல் அடுத்த அறைக்குப் போய்விடும். இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் அறியாமல் சுடாதே என்ற விதியைத் தளங்களில் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

கை பழகுவதற்கு ஆயிரக்கணக்கில் சுட வேண்டும். அதற்கு மலிவுக் குண்டுதான் வழி. தற்காப்புக்கு 124 கிரெய்ன் வைத்திருந்தால் பயிற்சிக்கும் 124 கிரெய்னே நல்லது. எடையும் வேகமும் ஒத்திருந்தால் துப்பாக்கியின் உதைப்பும் ஒத்திருக்கும், குண்டு படும் இடமும் மாறாது. எஃப்பிஐயே இந்த உண்மைக்குச் சுற்றிவளைத்துத்தான் வந்தது. மயாமிக்குப் பிறகு பெரிய 10 மில்லிமீட்டருக்குப் போனது, உதைப்பு அதிகம். அடுத்து .40 அளவுக்கு மாறியது. குண்டின் வடிவமைப்பு மேம்பட்டுவிட்டது, உதைப்பு குறைந்தால் குறி தப்பாது என்று கண்டு, 2010களின் நடுவில் பழைய 9 மில்லிமீட்டருக்கே திரும்பியது.

பயிற்சித் தளத்திலும் தோட்டாவைச் சோதிப்பார்கள். பல உள்ளரங்குத் தளங்களில் பணியாளர் ஒரு காந்தத்தை எடுத்துக் குண்டின் முனையில் வைப்பார். ஒட்டினால் உள்ளே எஃகு இருக்கிறது. தடுப்புச்சுவரைக் கெடுக்கும், பொறி பறக்கும், அனுமதி கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஈயம். வழக்கமான பிரைமரில் ஈயச் சேர்மம் உண்டு. சாதாரணப் பயிற்சிக் குண்டின் அடிப்பகுதி திறந்திருப்பதால் சூடான வாயு அங்கிருந்தும் ஈயத்தை அரித்துக் காற்றில் கலக்கும். சுட்டு முடித்ததும் கை, முகம் கழுவாமல் எதையும் தின்னக் கூடாது. அந்த உடையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது. அடிப்பகுதியும் மூடிய குண்டு, ஈயமில்லாப் பிரைமர் என்று மாற்றுகள் உண்டு, விலை சற்றுக் கூடும்.

விலை கூடிய பெட்டியிலிருந்தும் சில டஜன்களைச் சுட்டுப் பார்த்தே ஆக வேண்டும். உருண்டை முனை குழலுக்குள் வழுக்கிக்கொண்டு ஏறும். குழிமுனையின் விளிம்பு சில துப்பாக்கிகளில் தட்டி நிற்கும். சோதனைக் கட்டியில் எத்தனை மதிப்பெண் வாங்கியிருந்தாலும், நம் துப்பாக்கியில் சிக்கிக்கொள்ளும் குண்டு நமக்கு உதவாது. பெட்டியில் ‘+பி’ என்று போட்டிருந்தால் அழுத்தவரம்பு 38,500 பிஎஸ்ஐ. அதைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொன்ன துப்பாக்கியில் மட்டுமே போடலாம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. தினமும் இரவில் துப்பாக்கியைக் காலிசெய்து, காலையில் அதே தோட்டாவை மறுபடி ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஏற்றத்திலும் முனையில் அடிபட்டுக் குண்டு கூட்டுக்குள் மயிரிழை மயிரிழையாக இறங்கும். உள்ளே இடம் சுருங்கும். சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். புதுத் தோட்டாவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டையாகிவிட்டது கண்ணுக்கே தெரியும். அப்படிப்பட்டதைச் சுடாமல் ஒதுக்கிவிட வேண்டும்.

ஐம்பது தோட்டாப் பெட்டி ஒரே பிற்பகலில் தீர்ந்துவிடும். இருபது தோட்டாப் பெட்டி பூட்டிய பெட்டகத்துக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். அனுபவமுள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை அதைத் தளத்துக்கு எடுத்துப்போய்ச் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியதை வாங்கி வைப்பார்கள். விரிவதற்கென்றே கீறலிட்டு, நான்கு அடுக்கு ஜீன்ஸைத் தாண்டிக் காட்டிய அந்தக் குண்டு, கடைசியில் ஒரு காகிதத்தில் சின்ன ஓட்டை போட்டுவிட்டு மண்மேட்டில் புதையும். அதற்குக் கிடைக்கக்கூடிய நல்ல முடிவு அதுதான்.